மாப்பிள்ளை வீட்டுத் தண்ணீர்

ஜெயப்பிரகாஷுக்கு நாலு வருஷத்தில் மூன்று இடம் தட்டிப்போனது. மூன்று பேரும் ஜாதகம் சரியில்லை என்றே சொல்லியனுப்பினார்கள். பொருத்தம் பார்த்த பிறகுதான் வீடு பார்க்கவே வந்தார்கள். வீட்டைப் பார்த்துவிட்டுப் போன பிறகு ராகு எப்படி இடம் மாறினான் என்று அவனுடைய அம்மா விஜயகுமாரி யாரையும் கேட்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிற எல்லப்பன்பட்டிக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். தாகத்துக்காகக் கேட்பதில்லை. ஒரு வாய் குடித்து, நாக்கில் வைத்துப் பார்த்து, சொம்பைக் கீழே வைப்பார்கள். அதற்கப்புறம் காபி வந்தாலும் தொடமாட்டார்கள்.

டேனரிகளில் தோல் கழுவிய தண்ணீர் வருஷக்கணக்காக நிலத்தில் இறங்கி, அவர்கள் கிணறு கெட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். வாயில் வைத்தால் உப்பும் கசப்புமாக நாக்கைப் பிடித்துக்கொள்ளும். இப்போது சுத்திகரிப்பு நிலையமெல்லாம் வந்துவிட்டது, முன்போல யாரும் திறந்துவிடுவதில்லை என்கிறார்கள். இருக்கலாம். ஏற்கெனவே இறங்கியது இறங்கியதுதான். குடிக்கப் பத்து நாளைக்கு ஒருமுறை பஞ்சாயத்துக் குழாய், மற்ற நாட்களில் தபரேஸ் டெம்போவில் கொண்டுவந்து போடுகிற கேன். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க மட்டும் மாடியில் இருக்கிற சின்டெக்ஸ் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர்.

அதற்குப் பயந்தே முதல் இடத்துக்காரர்களுக்கு விஜயகுமாரி கேன் தண்ணீர்தான் கொடுத்தாள். பெண்ணின் பெரியம்மா பலே கைகாரி. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போய், குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஏந்தி ருசி பார்த்துவிட்டாள்.

டேனரிக்காரர்களைத் திட்டலாம் என்றால் அதற்கும் விஜயகுமாரிக்கு வாய் வராது. அதே தோலைத்தான் அவள் இருபத்திரண்டு வருஷமாக ஷூ கம்பெனியில் உட்கார்ந்து தைக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் பையன் படித்தான். தைத்த ஷூ மெல்லிய காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் போய், கப்பலேறி, எந்த ஊர்க்காரன் காலுக்கோ போய்விடும். போட்டுக்கொள்கிறவனுக்கு இந்தக் கிணற்றைப் பற்றி என்ன தெரியும்?

பையனுக்கு முப்பத்து நான்கு வயது. போன வருஷம் கடன் போட்டு ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கி, வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் வெளியூர் நோயாளிகளைச் சென்னை விமான நிலையத்துக்கு ஏற்றி இறக்குகிறான். வெள்ளைக் கார். அதைத் துடைக்கிற துடைப்பில் பெயிண்ட் போய்விடும் என்று அவன் அப்பா வேலாயுதம் முணுமுணுப்பார். புகை இல்லை, சத்தம் இல்லை என்று ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்வான். சிக்னலில் டீசல் லாரி பக்கத்தில் நின்றால் மூக்கைப் பொத்திக்கொள்வான். டேனரி நாற்றத்திலேயே வளர்ந்த மூக்கு அது என்பதை மறந்துவிட்டான்.

நான்காவது இடத்தைக் கொண்டுவந்தவர் விஜயகுமாரியின் ஷூ கம்பெனி லைன் சூப்பர்வைசர் டேனியல். சென்னைக்கு வடக்கே, கடலோரம் ஒரு ஊர். பெண் பெயர் சோபனா, கூரியர் ஆபீசில் வேலை. அம்மா இல்லை. அப்பா சின்னசாமி அங்கிருக்கிற அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலூர்ப் பக்கத்தைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது, அதுதான் விசேஷம் என்றார் டேனியல்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, பையன் மூவரும் காரில் பெண் பார்க்கப் போனார்கள். ஊர் நெருங்கும்போதே மின் நிலையத்தின் மூன்று புகைபோக்கிகள் தெரிந்தன. சின்னசாமியின் வீடு சின்னது, சுத்தமாக இருந்தது. வாசல், படி, சுவர் எல்லாம் அப்போதுதான் கழுவியது மாதிரி ஈரம். வாசலில் இருந்த முருங்கை மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலைக் கழுவலாம், உச்சி வெயிலில் மரத்தை எதற்குக் கழுவினார்கள் என்று விஜயகுமாரி நினைத்தாள். பெண் வந்து காபி கொடுத்ததும் மரத்தை மறந்துவிட்டாள். நிமிர்ந்து பேசுகிற பெண். ஜெயப்பிரகாஷ் காபியை ஆற்றாமலே குடித்து வாயைச் சுட்டுக்கொண்டதைப் பார்த்ததும் காரியம் முடிந்தது என்று தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது வெள்ளைக் கார் சாம்பல் நிறத்தில் நின்றது. திருநீற்றைச் சலித்துத் தூவியது மாதிரி மெல்லிய படலம். ஜெயப்பிரகாஷ் விரலால் தொட்டுப் பார்ப்பதற்குள் சின்னசாமி தோளில் இருந்த துண்டை உருவி ஓடிப்போய்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "கடக்கரை மண்ணு தம்பி, காத்து ஜாஸ்தி இன்னைக்கு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அந்த அவசரம் விஜயகுமாரிக்கு நன்றாகத் தெரிந்த அவசரம். விருந்தாளி பின்பக்கக் குழாய்ப் பக்கம் போகும்போது அவளே அப்படித்தான் ஓடுவாள்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஒரு சார்ஜ் போடுகிற இடத்தில் வண்டியை நிறுத்தினான். வேலாயுதம் டீ குடிக்கப் போனார். விஜயகுமாரி, காருக்குள் போகிற அந்தத் தடித்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கரண்ட்டு எங்கேருந்துடா வருது?"

எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வரும், காற்றாலையில் கொஞ்சம், வெயிலில் கொஞ்சம், அது வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டுதான் போகிறது என்று பையன் விளக்கினான்.

"மீதி?"

"மீதி கரிதாம்மா. ஆனா டீசல் வண்டிய விட இது எவ்ளவோ மேல். கணக்குப் போட்டே சொல்லியிருக்காங்க."

பையன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு லாரி விடுகிற புகையை அவளே பார்க்கிறாள். ஆனாலும் சொட்டச் சொட்டக் கழுவியிருந்த அந்த ஊர் முருங்கை இலை கண்ணைவிட்டுப் போகவில்லை. ஷூ போட்டுக்கொள்கிற வெளியூர்க்காரனை இவ்வளவு நாள் மனசுக்குள் ஏசியிருக்கிறாள். இப்போது அவளும் காலில் அழுக்குப் படாமல் காரில் உட்கார்ந்திருக்கிறாள். அதை நினைத்ததும் யாரிடமோ கையும் களவுமாக அகப்பட்டது போல இருந்தது. பையனிடம் அதற்குமேல் கேட்கவில்லை. பெண் பிடித்திருக்கிறது, இதைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

அடுத்த வாரம் சின்னசாமி வீடு பார்க்க வருவதாகச் சொன்னார். விஜயகுமாரி இந்தத் தடவை அரைகுறையாக எதுவும் செய்வதில்லை என்று முடிவெடுத்தாள். வேலாயுதத்தை மாடிக்கு ஏற்றி, சின்டெக்ஸ் தொட்டியைக் காலி செய்து தேய்க்க வைத்தாள். தபரேஸிடம் இருபத்தைந்து கேன் சொன்னாள். அவன் அத்தனையையும் இறக்கிவிட்டு, "இன்னாக்கா, கல்யாணமா?" என்று கேட்டான்.

"ஆவணும்னா இம்மாம் வேணும்" என்றாள் அவள்.

ஒவ்வொரு கேனாக மாடிக்குத் தூக்கிப்போய்த் தொட்டியில் கவிழ்த்தது ஜெயப்பிரகாஷ்தான். ஏழாவது கேனில் அவனுக்குக் கோபம் வந்தது. இது ஏமாற்று வேலை, அந்தப் பெண் வந்து ஒரு வாரத்தில் தெரிந்துவிடாதா என்றான். வந்த பிறகு தெரிந்தால் பரவாயில்லை, வராமலே போனால்தான் பேஜார் என்றாள் விஜயகுமாரி. சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான பேச்சு என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் எட்டாவது கேனை எடுத்துக் கொடுத்தாள். முப்பத்து நான்கு வயது மகனை வைத்துக்கொண்டிருக்கிறவளுக்கு நியாயம் பார்க்க நேரமில்லை.

சின்னசாமியோடு சோபனாவும் வந்தாள். பெண்ணே மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாவது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். விஜயகுமாரிக்கு அது பிடித்திருந்தது. உட்கார்ந்ததும் சின்னசாமி தண்ணீர் கேட்டார். உண்மையாகவே தாகம். இரண்டு சொம்பு குடித்தார். பின்பக்கம் போய்க் குழாயில் முகம் கழுவி, வாய் கொப்பளித்து, துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க விஜயகுமாரிக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஆத்தோரத்து ஊருன்னா ஊருதான். கொழாயிலயே இப்டித் தண்ணி வருதே" என்றவர், சாப்பிட இலை போடப் போனவளைக் கையைக் காட்டி நிறுத்தினார். "இரும்மா தங்கச்சி. கை நனைக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடணும். சொல்லாம சாப்ட்டா எனக்கு உள்ள எறங்காது."

அவர் சொன்னது இதுதான். இவர்கள் பெண் பார்க்க வருவதற்குச் சற்று முன்புதான் மோட்டார் போட்டு, வீட்டையும் மரத்தையும் ஹோஸ் பைப்பால் கழுவினார். காரின் மேல் விழுந்தது கடற்கரை மண் அல்ல, நிலக்கரிச் சாம்பல். காற்றடிக்கிற மாதங்களில் சோற்றுத் தட்டிலும் அதுதான் விழும். சோபனாவுக்கு மூன்று வருஷமாக மூச்சிரைப்பு. ஊரை விட்டு வெளியே நல்ல காற்றும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் இருந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் தூரத்து இடமாகப் பார்க்கிறார். இதை மறைத்துப் பெண் கொடுத்தால் அது பாவம். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடலாம், வருத்தமில்லை.

சோபனா தலையைக் குனியவில்லை. அப்பா சொல்வதை அவளும் சேர்ந்து சொல்வது போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயப்பிரகாஷ் அம்மாவைப் பார்த்தான். வேலாயுதமும் பார்த்தார். விஜயகுமாரி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஒரு மனுஷன் தன் மானத்தைக் கழற்றி நடுக்கூடத்தில் வைத்துவிட்டு நிற்கிறான்; அவன் வயிற்றில் இருப்பதோ தபரேஸின் கேன் தண்ணீர். அவள் அடுக்களைக்குப் போய் ஒரு வெறும் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கண்ணா. நீயும் வாம்மா" என்று இருவரையும் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். கிணற்றில் வாளியை விட்டு இழுத்துச் சொம்பில் ஊற்றினாள். "இதான் எங்க ஊருத் தண்ணி. நீங்க குடிச்சது, மொகம் கழுவுனது எல்லாம் கேன் தண்ணி, இருவத்தஞ்சு கேனு. நேத்து தொட்டில ஊத்தினது."

சின்னசாமி சொம்பை வாங்கி, நிறத்தைப் பார்த்தார். ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்து ஓரமாகத் துப்பினார். சோபனா அவர் கையிலிருந்து வாங்கித் தானும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். நாலாவது இடமும் போயிற்று என்று விஜயகுமாரி நினைத்தாள். ஆச்சரியம், நெஞ்சு லேசாக இருந்தது.

முதலில் பேசியது சோபனாதான்.

"தண்ணிய கேன்ல வாங்கிக்கலாம் அத்தே. காத்த எந்தக் கடையில வாங்கறது?"

அத்தை என்று அவள் கூப்பிட்டது விஜயகுமாரிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் காதில் ஏறியது. சின்னசாமி மகளைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், கடைசியில் தலையை ஆட்டினார். பின்னாலேயே வந்திருந்த ஜெயப்பிரகாஷிடம் விஜயகுமாரி எதையும் கேட்கவில்லை. அவன் நின்ற நிற்பே பதிலாக இருந்தது.

விஜயகுமாரி பரிமாற, எல்லோரும் இலையில் உட்கார்ந்தார்கள். வேலாயுதம் நாலு வருஷத்தில் பேசாததையெல்லாம் அன்று பேசினார். வைகாசியிலா ஆவணியிலா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது சோபனா சட்டென்று அப்பாவிடம் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு அப்பறம் நீயும் இங்கயே வந்துடுப்பா. அந்தச் சாம்பல்ல இன்னும் எத்தினி நாளைக்கு நிப்ப?"

பெண் வீட்டில் போய் இருப்பதாவது என்று அவர் கோபித்துக்கொள்வார் என்று விஜயகுமாரி எதிர்பார்த்தாள். அவர் சிரித்தார்.

"நா வந்துட்டா அங்க வேற எவனாவது நிப்பாம்மா. சாம்பல் நின்னுடுமா?" பிறகு ஜெயப்பிரகாஷ் பக்கம் திரும்பி, உறவு சேர்ந்த உரிமையோடு, மிகவும் பிரியமாகச் சொன்னார்: "நம்ம மாப்பிள்ளயோட கரண்ட்டு வண்டி ஓட வேணாமா?"

அந்தப் பேச்சில் குத்தல் எதுவும் இல்லை. மருமகன் தொழிலுக்குத் தன் பங்காக ஒன்றைச் செய்கிற பெருமைதான் இருந்தது. ஜெயப்பிரகாஷ் சோற்றில் வைத்த கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். நாலு வருஷமாக எந்தெந்தக் கோயிலிலோ கேட்டது கிடைத்துவிட்ட நேரத்தில் விஜயகுமாரிக்கு அழுகை வந்தது, வெட்கத்தினால் வந்த அழுகை. வேண்டாம் அண்ணா, நீங்களும் வந்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தாள். அவர் இடத்தில் நிற்கப்போகிற இன்னொருவனை நினைத்ததும் அந்த வார்த்தையும் வரவில்லை. குனிந்து சம்பந்தியின் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் போதும் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.