கொடி ஏறாத காலை

பிலோமிக்கு எட்டு வயது நடந்தபோது, ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மதராஸ் பட்டணமே காலியானது. இராயபுரத்தில் அவர்கள் இருந்த சந்தில் பாதி வீடுகளுக்குப் பூட்டு விழுந்தது. துறைமுகத்தில் கப்பலைக் காணோம். அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா சவரிநாதனுக்கு வேலையும் இல்லை. எண்ணூர் முகத்துவாரத்துக்கு அப்பால் மணல்திட்டில் ராணுவம் பீரங்கி முகாம் போட்டிருக்கிறது, எடுபிடி வேலைக்கு ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார். குண்டு விழுந்தால் முதலில் அங்கேதான் விழும் என்று தெரிந்தவர்களெல்லாம் சொன்னார்கள். "அங்க அரிசி தர்றாங்களாம்" என்றார் அவர். 

முகாம் என்றால் சிமெண்டு மேடையில் இரண்டு பீரங்கிகள், வரிசையாகத் தகரக் கொட்டகைகள், சுற்றி முள்கம்பி, அவ்வளவுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. குடிக்கிற தண்ணீர் எண்ணூரிலிருந்து பீப்பாயில் படகேறி வர வேண்டும். காற்று நின்றுவிட்டால் தகரக் கூரைக்குக் கீழே மூச்சு முட்டும். காற்று அடித்தால் சோற்றில் மணல் விழும். அம்மா சிலுவையம்மாள் சமையல் கொட்டகையில் பாத்திரம் தேய்த்தாள். அந்த முகாமிலேயே குழந்தை என்றால் பிலோமி ஒருத்திதான். சிப்பாய்கள் பேசுவது அவளுக்குப் புரியாது. பள்ளிக்கூடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் படகு கிடைத்தால் போவார்கள்; பல வாரம் கிடைக்காது. குளிர்காய்ச்சல் வந்து விழுந்தால் முகாம் டாக்டர் கொடுக்கிற கசப்பு மருந்தைக் குடித்துவிட்டு, சிப்பாய்களின் பூட்ஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பகலெல்லாம் படுத்துக் கிடப்பாள்.

அவளுக்கு இருந்த ஒரே துணை முள்கம்பிக்கு வெளியே இருந்தது. வடக்கே கொஞ்ச தூரத்தில் ஒரு மீனவர் குப்பம். அங்கிருந்து தேசப்பன் என்பவன் முகாம் சமையலுக்கு மீன் கொண்டுவருவான். கூடவே அவன் மகள் நீலா வருவாள். பிலோமி வயதுதான். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து மணலில் வீடு கட்டுவார்கள். முகாம் வருவதற்கு முன் அந்தக் குப்பமே இந்த இடத்தில்தான் இருந்ததாம். ஒரே நாளில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம்.

"எங்க வூட்டு அடுப்பு மேலதான் உங்க பீரங்கி குந்திகினு கீது" என்று தேசப்பன் ஒருமுறை சவரிநாதனிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். சவரிநாதனுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. மறுநாள் ஸ்டோரில் கழித்துப்போட்ட காக்கித் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தேசப்பன் அதைக் கட்டுமரத்துப் பாயில் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தப் பாய் கடலில் எவ்வளவு தூரத்தில் போனாலும் பிலோமிக்கு அடையாளம் தெரியும்.

சவரிநாதனின் வேலைகளில் ஒன்று கொடி ஏற்றுவது. பீரங்கி சுட்டுப் பழகுகிற நாளில் விடிவதற்கு முன்னாலேயே கொடிமரத்தில் சிவப்புக் கொடி ஏற வேண்டும். அதைப் பார்த்தால் குப்பத்தில் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். கொடி இல்லையென்றால் போகலாம். குப்பத்தைக் காலி பண்ணிய நாளில் முகாம்காரர்கள் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். சவரிநாதன் அந்தக் கொடியைக் கோயில் துணி மாதிரி மடித்து வைத்திருப்பார்.

மறு வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல் பட்டணத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து இறங்கினார். முகாம் தலைகீழானது. காலைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பீரங்கி சுடுவதைப் பார்க்க வேண்டும், இப்போதே, என்றாராம். பீரங்கியின் மேல் போர்த்தியிருந்த துணியைச் சிப்பாய்கள் இழுத்துப் போடுவதைப் பார்த்ததும் சவரிநாதன் கொடியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவில்தார் பஷீர் குறுக்கே வந்து மறித்தார். வேலூர்ப் பக்கத்து ஆள். துரைமார் பேசுவதைத் தமிழில் சொல்வது அவர்தான்.

"கொடியெல்லாம் அப்பறம். தொரைக்குக் குளிக்கத் தண்ணி இல்ல. மொதல்ல அதப் பாரு."

"கடல்ல கட்டுமரம் போயிருக்கும், அவில்தார்."

"தூரக் கண்ணாடி வச்சுப் பாத்தாச்சு. ஒண்ணுமில்ல. போய்யா!"

கிழக்கே பார்த்த கரை. சூரியன் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நின்று கடல் முழுக்கத் தகடாய் மின்னிக்கொண்டிருந்தது. அதில் கட்டுமரம் என்ன, கப்பலே நின்றாலும் தெரிந்திருக்காது. பிலோமி கம்பி ஓரமாக, வடக்குப் பக்கம் தள்ளி நின்றிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் வெளிச்சம் கண்ணில் அடிக்காது. காக்கி ஒட்டுப் போட்ட பாய் ஒன்று கரையைப் பார்த்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் கொடிமரத்தைப் பார்த்தாள். மொட்டையாக இருந்தது. "நைனா!" என்று அப்பாவைக் கத்திக் கூப்பிட்டாள். முதல் குண்டு வெடித்தது. தரை அதிர்ந்து அவள் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து பார்க்கும்போது தண்ணீர் வெள்ளைத் தூணாக எழும்பி விழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது குண்டும் போனது. அதற்குப் பிறகு பாய் இல்லை.

தேசப்பனோடு போயிருந்த அவன் மைத்துனன் தாமோதரன் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். காது இரண்டிலும் ரத்தம் வடிந்தது. தேசப்பனின் உடல் மறுநாள் ஒதுங்கியது. முழுசாக ஒதுங்கவில்லை.

விசாரிக்கத் தாசில்தார் வருகிறார் என்று தெரிந்த அன்று மத்தியானம் பஷீர் அவர்கள் கொட்டகைக்கு வந்து வாசலில் குந்தினார். முகம் இருண்டிருந்தது.

"சவரி, கேட்டா கொடி ஏத்தினேன்னு சொல்லிடு. அவ்வளவுதான்."

"ஏத்தலியே."

"எனக்குத் தெரியாதா? நாந்தானே உன்ன அனுப்பினேன். ஆனா நீ ஏத்தலன்னு சொன்னா நம்ம முகாம் கேப்டன் தொர என்ன சொல்லுவாரு? நான் ஏத்தச் சொன்னேன், இந்த ஆளு ஏத்தலன்னுதான் சொல்லுவாரு. அப்ப ஆளக் கொன்னது யாரு? நீதான். யோசிச்சுப் பாரு. பொம்பளப் புள்ள வச்சிருக்க."

அவர் போன பிறகு சிலுவையம்மாள் கேட்டாள்: "இன்னா சொல்லப் போற?"

சவரிநாதன் மடித்து வைத்திருந்த கொடியை எடுத்துப் பிரித்து, மறுபடி மடித்து வைத்தார்.

மறுநாள் பந்தல் போட்டு மேஜை போட்டார்கள். சமையல் கொட்டகையில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிலோமிக்கு எல்லாமே கேட்டது. தாமோதரனுக்குக் காது போய்விட்டதால் கேள்விகளைக் கத்திக் கேட்டார்கள். அவனும் கத்தித்தான் பதில் சொன்னான்: "பாத்தேன் சாமி! கெளம்பசொல்லயும் பாத்தேன், திரும்பசொல்லயும் பாத்தேன். கொடி இல்ல சாமி!" பிறகு சவரிநாதனைக் கூப்பிட்டார்கள். கொடி ஏறியிருந்ததா?

"ஏறி இருந்துது சாமி" என்றார் அவர். அந்தக் குரலில் அவர் பேசிப் பிலோமி கேட்டதேயில்லை.

கொடியை மதிக்காமல் கடலில் இறங்கியதால் வந்த சாவு என்று முடிவு எழுதி, தாசில்தார் படகேறிப் போனார்.

அதற்குப் பிறகு முகாமுக்கு மீன் வரவில்லை. பல நாள் கழித்து நீலா மட்டும் தனியாகக் கம்பி ஓரத்துக்கு வந்தாள். தலையில் எண்ணெய் இல்லை. பிலோமி ஓடிப்போய் நின்றாள். இருவரும் உட்காரவில்லை.

"எங்கப்பன் குடிச்சிட்டுப் போச்சுன்னு சொல்றாங்க. போத தலைக்கேறி, கொடி கண்ணுக்குத் தெரிலயாம். கொடி இருந்துதா?"

பிலோமி திரும்பித் தங்கள் கொட்டகையைப் பார்த்தாள். அம்மா அங்கே இல்லை.

"இல்ல" என்றாள்.

நீலா திரும்பி ஓடினாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று பிலோமிக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. தேசப்பனின் மனைவி கன்னியம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "யோவ், வெளிய வா" என்று சவரிநாதனைக் கூப்பிட்டாள். அவர் போனார். பிலோமியும் பின்னாலேயே போனாள்.

கன்னியம்மா சண்டை போடவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது. "உன் பொண்ணே சொல்லிட்டா. நான் உன் வேலயக் கெடுக்க வர்ல. எம் புருசன் செத்தான், அத நான் அழுதுக்கறேன். ஆனா அவன் கிறுக்கனா செத்தான்னு எழுத வச்சிட்டியே. நாளைக்கு எம் பொண்ண யாராவது கேக்க வந்தா, கொடி தெரியாம கடல்ல எறங்கின குடிகாரன் பொண்ணுன்னுதானே சொல்லுவான்? அந்தாளு பீடி கூட குடிச்சதில்ல. உனக்குத் தெரியும்."

சவரிநாதன் தலையைத் தூக்கவேயில்லை. உள்ளே போனார். அந்த வாரத்துக்கு முகாமில் அளந்து கொடுத்திருந்த அரிசியில் பாதியைத் துணியில் கட்டி எடுத்து வந்து கம்பிக்குக் கீழே தள்ளினார். கன்னியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த வருஷம் வெளியே அரிசி பார்ப்பது அபூர்வம். குப்பத்தில் கிழங்கும் கீரையும் வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எட்டி உதைத்துவிடுவாள் என்று பிலோமி நினைத்தாள். கன்னியம்மா குனிந்து மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னதற்கு அன்றைக்கு அடி விழும் என்று பிலோமி பயந்தாள். அப்பா அடிக்கவில்லை. "நீ பாத்ததத்தானே சொன்ன" என்று மட்டும் சொல்லிவிட்டு மணலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாராவாரம் இதுதான் நடந்தது. அரிசி கொடுக்கிற அன்று சாயங்காலம் கன்னியம்மா வருவாள், மூட்டை கம்பிக்குக் கீழே போகும். அவள் இவரைப் பார்க்க மாட்டாள், இவரும் அவளைப் பார்க்க மாட்டார். சிலுவையம்மாள் ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை. கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினாள். வயிறு காய்ந்து பிலோமி அழுதால், "அந்தப் புள்ளையும் அழுவுது" என்பாள்.

சித்திரையில் ஒருநாள் காவல் சிப்பாய்கள் இரண்டு பேரையும் பிடித்துவிட்டார்கள். முகாம் அரிசியை வெளியே விற்கிறான் என்று குற்றம். கேப்டனுடைய கொட்டகைக்கு முன்னால் சவரிநாதனையும், மூட்டையோடு கன்னியம்மாவையும் நிறுத்தினார்கள். பிலோமியை யாரும் விரட்டவில்லை. துரை கேட்பதைப் பஷீர் தமிழில் கேட்டார்.

"எவ்வளவுக்கு வித்தே?"

"விக்கல."

"சும்மா கொடுத்தியா? இவ உனக்கு யாரு?"

சுற்றியிருந்த சிப்பாய்களில் ஒருவன் கிளுக்கென்று சிரித்தான். கன்னியம்மா புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடினாள். சவரிநாதன் அவளை ஒருமுறை பார்த்தார். பல வாரங்களில் முதல்முறையாகப் பார்த்தார் என்று பிலோமிக்குத் தோன்றியது.

"அன்னிக்கி நான் கொடி ஏத்தல" என்றார். "ஏத்தப் போனேன், வேணாம்ன்ட்டாங்க. கொடி இல்லாததாலதான் இவங்க வூட்டுக்காரன் கடல்ல போனான். ஏத்தினேன்னு நான் சொன்னது பொய்யி. அதுக்குத்தான் அரிசி. சொல்லு அவில்தார், தொரைக்கு அப்பிடியே சொல்லு."

பஷீர் துரை பக்கம் திரும்பினார். அவர் சொன்னார். அப்படியே சொன்னாரா, மாற்றிச் சொன்னாரா என்பது சவரிநாதன், கன்னியம்மா, பிலோமி மூன்று பேருக்கும் தெரியாது. துரையின் கழுத்து மட்டும் சிவந்தது. மேஜை மேலிருந்த தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"இன்னிக்கே கெளம்பணும்" என்றார் பஷீர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெயில்ல போடல. அது வரைக்கும் நல்லது" என்றார்.

தாசில்தாரிடம் போய் மறுபடி சொல்ல வேண்டும் என்று சவரிநாதன் பொன்னேரிக்கு நடந்தார். விசாரணை முடிந்துபோன விஷயம், திருட்டுக் குற்றத்தில் வெளியேற்றப்பட்டவன் பேச்சை யார் எடுப்பது என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். இராயபுரம் திரும்பினார்கள். பழைய வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். கொருக்குப்பேட்டையில் ரயில் பாதை ஓரத்தில் ஒரு குடிசை கிடைத்தது. துறைமுகத்தில் கரி இறக்கும் வேலைக்குப் போனார். சண்டை முடிந்தது, சுதந்திரம் வந்தது, முகாமைக் கலைத்துவிட்டார்கள் என்றும் செய்தி வந்தது. அவர் எண்ணூர்ப் பக்கமே போகவில்லை. கரித்தூள் நெஞ்சில் இறங்கி, இருமி இருமி, ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். பிலோமி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள், அன்றும் ஒட்டினாள்.

அதற்குச் சில வருஷம் கழித்துக் கன்னியம்மா அவர்கள் குடிசையைத் தேடிக் கண்டுபிடித்து வந்தாள். நீலாவுக்குக் கல்யாணம். சிலுவையம்மாள் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு, "அவரு இல்லம்மா" என்றாள். கன்னியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கித் தொர எதுர அவரு சொன்னத, குப்பத்துல வூடு வூடாப் போயி நின்னு சொன்னேன்" என்றாள். "அதாலதான் எம் பொண்ணுக்கு இன்னிக்கி மாப்ள வந்துகீறான். ஆனா மொதல்ல சொன்னதயும் நான் மறக்கலம்மா. உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? ரெண்டயும் மறக்கல."

"நாங்களுந்தான்" என்றாள் சிலுவையம்மாள்.

கல்யாணத்துக்குப் பிலோமி மட்டும் போனாள். குப்பம் பழைய இடத்துக்கே திரும்பி வந்திருந்தது. சிமெண்டு மேடைகளில் ஒன்றின் மேல் வலை காய்ந்தது, இன்னொன்றில் பந்திக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். நீலா மஞ்சள் பூசிய முகத்தோடு அவள் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப் போனாள். 

"நீ நேருல பாத்தியாமே" என்றாள் நீலா. "அப்பனுக்கு வலிச்சிருக்குமா?"

பிலோமி யோசித்தாள். ஆறுதலாக எதையாவது சொல்லிவிடலாம்தான். "பாய் தெரிஞ்சிது" என்றாள். "கரைக்குத் திரும்பி வந்துகினு இருந்துது. சத்தம் கேட்டு நான் கீழ வுய்ந்துட்டேன். எழுந்து பாக்கசொல்ல ஒண்ணுமே இல்ல. வேற எதுவும் எனக்குத் தெரில நீலா."

நீலா தலையை ஆட்டினாள். பந்தலிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பிடித்த கையை விடாமலே அவள் பிலோமியையும் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.