மூத்த மகனின் கொள்ளி

பூதலிங்கத்தின் கூந்தல் முழங்காலைத் தொடும். டோப்பா இல்லை, சொந்த முடி. நாடகக் கம்பெனியில் ராணி வேஷம் கட்டுவதற்காகப் பன்னிரண்டு வருஷம் எண்ணெயும் சீயக்காயும் போட்டு வளர்த்தது. தக்கலையில் கொட்டகை போட்டால் அந்த முடியைப் பார்க்கவே நாலு ஊர் ஆண்கள் வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். அதில் பாதிக் கவனத்தோடு வீட்டில் பெண்டாட்டியைப் பார்த்திருந்தால் அவர்களுக்கு நல்ல சோறாவது கிடைத்திருக்கும்.

தாழக்குடியிலிருந்த அப்பா மட்டும் பார்க்க வந்ததில்லை. வயலும் வரப்புமாக வாழ்கிற வெள்ளாளக் குடும்பத்தில் மூத்தவன் பின்னல் போட்டு ஆடினால் அவர் எப்படி வெளியே தலைகாட்டுவார்? வாசல் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார். இவனும் போகவில்லை. வீம்பில் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மனசுக்குள் ஒன்று வைத்திருந்தான். உயிரோடு இருக்கையில் பேசாவிட்டால் போகட்டும், கடைசியில் கொள்ளி வைக்கப் போகிறவன் மூத்த மகன்தானே. அன்றைக்கு யார் தள்ளி வைக்க முடியும்?

1931 மாசியில் அந்த நாள் வந்தது. அப்பா விடியற்காலம் போய்விட்டார் என்று தம்பி சிவதாணு ஆள் அனுப்பியிருந்தான். கம்பெனி முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கொள்ளி வைக்கணும்னா மொட்ட போடணும். பெறவு ராணிக்கு நான் எங்க போவேன்? யோசிச்சுக்கோ."

பூதலிங்கம் யோசிக்கவில்லை. பஸ் ஏறினான்.

ஊர்க் குளத்தங்கரையிலேயே பெரியப்பா ஆறுமுகப்பெருமாள் வழிமறித்தார்.

"ஏலே, இந்தக் கொண்டையோடயா வீட்டுக்குள்ள வரப்போற? சம்பந்தக்காரங்க எல்லாம் வந்திருக்காங்க. இங்கயே மொட்ட போட்டுட்டு நேரா சுடுகாட்டுக்கு வந்திரு."

"கொள்ளி நாந்தானே, பெரியப்பா?"

"மொதல்ல மொட்டயப் போடு மக்கா."

மக்கா என்று ஊரில் ஒருவர் கூப்பிட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாவிதர்தான் கத்தி வைக்கத் தயங்கினார். "வைங்க" என்றான். முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தபோது அவனுக்கு வருத்தமே இல்லை, சந்தோஷமாகக்கூட இருந்தது. குளத்தில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு ஓடினான்.

சிதை எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சிவதாணு மொட்டைத் தலையோடு நின்றான். அண்ணன் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

"கூத்தாடி கை படப்பிடாதுன்னு ஒங்கப்பன் சொல்லிட்டுத்தான் கண்ண மூடினான்" என்றார் பெரியப்பா.

"பெறவு என்னை எதுக்கு மொட்ட போடச் சொன்னிய?"

"அந்தக் கோலத்துல நாலு பேரு முன்னால நீ நிக்கண்டாம்னுதான்."

குடும்ப மானத்தைக் காப்பாற்றிய திருப்தியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெரிய மனுஷர்கள் காரியம் முடிக்கிற அழகே அழகு.

ஊரில் இருக்க இடம் இல்லை. மறுநாளே பூதலிங்கம் தக்கலைக்குத் திரும்பினான். ராணி வேஷத்துக்கு அதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று. முதலாளி அவன் மொட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதே நாடகத்தில் சுடுகாட்டுக் காவல்காரன் வேஷம் ஒன்று உண்டு. அதைக் கட்டுகிறவன் காய்ச்சலில் கிடந்தான். இந்தத் தலை அதற்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, பூதலிங்கம் சரி என்றான்.

கடைசிக் காட்சியில் காவல்காரன் பிணத்துக்குக் கொள்ளி வைக்க வேண்டும். விறகெல்லாம் அட்டையில் வரைந்தது. தீப்பந்தம் மட்டும் நிஜம், அதை அருகில் காட்டினால் போதும். பந்தத்தைக் கையில் வாங்கியதும் பூதலிங்கத்துக்குக் கை நடுங்கியது. வசனம் மறந்துபோனது. எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதான். கொட்டகையே சேர்ந்து அழுதது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது.

திரை விழுந்ததும் முதலாளி ஓடிவந்து அவன் தோளைத் தட்டினார்.

"கை நடுங்கிச்சு பாரு, அது பிரமாதம். நாளைக்கும் அதே எடத்துல அப்படியே நடுங்கணும், கேட்டியா?"