பிறந்த வீட்டுக் கோடி

நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து, இறந்துபோன கருப்பம்மாளைக் குளிப்பாட்டி, வாசல் பந்தலில் பெஞ்சின் மேல் கிடத்தியாகிவிட்டது. மலைச்சாமிப் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா? அந்தச் சேல விழுந்த பெறகுதான் மத்ததெல்லாம்."

மகன் பொன்னுத்துரை விடிந்ததிலிருந்து பாடை மூங்கிலுக்கு ஆள் அனுப்பினான், மேளத்துக்குச் சொன்னான், தாடிக்கொம்புச் சொந்தங்களுக்குத் தாக்கல் விட்டான். இது ஒன்றை மட்டும் நினைக்கவில்லை. அம்மாவின் ஒரே அண்ணன் கண்டிச் சீமைக்குப் போய் அங்கேயே மண்ணாகிவிட்டார். பிறந்த வீடென்று சொல்ல வடமதுரையில் ஒரு குட்டிச்சுவர்தான் மிச்சம்.

"என்னப்பா முழிக்கிற? அதான் முத்துப்பேச்சி இருக்குல்ல. சித்தப்பன் மகளா இருந்தாலும் ஒரே ரத்தந்தானே" என்றார் பெரியப்பா.

எல்லார் கண்ணும் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் மேல் போனது. அவள் முத்துப்பேச்சியும் இல்லை, யாருக்கும் சித்தப்பன் மகளும் இல்லை. செம்பட்டி வியாகுலம்மாள். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்துவிட்டு, இப்போது படுக்கையில் விழுந்தவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் சம்பள ஆள்.

எல்லாம் பொன்னுத்துரையின் வாயால் வந்த வினை. ஊருக்கு உபதேசம் என்றால் அவனுக்கு வெல்லம். அவனுடைய வெங்காயக் கமிஷன் கடைக்குப் பக்கத்துக் கடை அப்துல் வாஹித், நோயில் கிடந்த தகப்பனாருக்கு ஓர் ஆள் வைத்தார். "பெத்தவுகளப் பாக்கக் கூலிக்கு ஆள் வைக்கிறவனெல்லாம் ஒரு பிள்ளையா?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டவன் பொன்னுத்துரை. வாஹித் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்குள் கருப்பம்மாளுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மனைவி ரஞ்சிதம் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேலையை விடச் சொன்னான். "ஒங்க அம்மாதான. நீங்க கடைய விடுங்க" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

ஆள் வைத்தான். பேசிய பேச்சை என்ன செய்வது? வந்தவள் அம்மாவுக்குத் தங்கை முறை என்று தெருவில் சொன்னான். அவள் பெயரை மாற்றினான். கழுத்துச் சிலுவைக் கயிற்றைக் கழற்றித் திருநீறு பூசிக்கொள்ளச் சொன்னான்.

"வயித்துப் பாட்டுக்கு வந்த எடத்துல பேரு என்னவா இருந்தா என்ன?" என்று கயிற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பெயரை விட்டுக்கொடுத்தாளே தவிரச் சோற்றில் விட்டுக்கொடுக்கவில்லை. "இத்துனூண்டு வெஞ்சனத்த வச்சு இம்புட்டுச் சோத்த எப்படித் திங்கிறது?" என்று ரஞ்சிதத்தோடு தினமும் மல்லுக்கு நிற்பாள்.

கருப்பம்மாள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகப்போகக் கோணிய வாயால் அவளைத் "தங்கச்சி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். மகனுக்காகச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று பொன்னுத்துரை கேட்டதில்லை. அந்த அறைக்குள் போனால்தானே கேட்பதற்கு? மூத்திர நாற்றம் அவனுக்கு ஆகாது. நிலைப்படியில் நின்றபடியே வியாகுலம்மாளிடம் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவான்.

இன்று விடியலில் மூச்சு இழுத்தபோதும் நிலைப்படியில்தான் நின்றான். "உள்ள வந்து கையப் பிடிங்க அப்பு. ஒங்களத்தான் தேடுது" என்று அவள் கூப்பிட்டாள். "டாக்டரக் கூட்டியாரேன்" என்று சைக்கிளை எடுத்தான். டாக்டர் வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கையைப் பிடிக்கப் பயந்துதான் போனான். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. கடைசிப் பால் ஊற்றியதும் அவள்தான்.

இப்போது உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். பந்தல் ஓரத்தில் வாஹித் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். ரஞ்சிதம் கணவனைப் பார்த்தாள். பொன்னுத்துரை தரையைப் பார்த்தான்.

வியாகுலம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "செத்த இருங்க, எடுத்தாரேன்" என்று உள்ளே போனாள்.

தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மடிப்புக் கலையாத அரக்குச் சேலையோடு வந்தாள். அவனுக்கு அந்தச் சேலையைத் தெரியும். மாதா கோயிலில் பேத்திக்குப் முதல் அப்பம் தருகிற புதுநன்மை அன்றைக்குக் கட்ட வேண்டும் என்று அவள் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசைக் கொடுக்க, சின்னாளப்பட்டியிலிருந்து அவனே வாங்கி வந்தது.

கருப்பம்மாள் மேல் அதைப் போர்த்தி, குளிருக்கு மூடுவதுபோல் ஓரங்களைச் செருகிவிட்டாள். அவளுடைய வலது கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போனது. அங்கிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது. பிறகு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். அவள் வாய்விட்டு அழுதாள். அழச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

பொன்னுத்துரை தலையை நிமிர்த்தியபோது, அந்தக் கையைக் கவனித்துவிட்ட வாஹித் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

சாயங்காலம் அவள் கிளம்பினாள். "பதினாறு முடியாம எப்படிப் போவ? கூடப் பொறந்தவ மாதிரில்ல" என்று பெண்கள் மறித்தார்கள். "வீட்டுல போட்டது போட்டபடி கெடக்கு தாயி" என்றாள். கொள்ளி வைத்தவன் அன்றைக்கே தெருத் தாண்டக் கூடாது என்று பெரியப்பா சொல்லியும் கேட்காமல், மொட்டைத் தலையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தான் பொன்னுத்துரை.

செம்பட்டி பஸ் நின்றது. அவன் மடியில் கையை விட்டான். "அந்தச் சேலைக்கு..." என்றான்.

"பொறந்த வீட்டுக் கோடிக்கு வெல கேப்பாகளா அப்பு?"

அவள் குரலில் கோபம் இல்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிலுவைக் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதே முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள்.

"யாரு பெட்டிண்ணே இது?" என்று கண்டக்டர் கேட்டான்.

பொன்னுத்துரை வாயைத் திறந்தான். சித்தி என்றும் வரவில்லை, ஆயா என்றும் வரவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான்.