போதை இல்லாதது

"அம்மா, இதுல போதை இல்லன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

மூன்று வருடங்களுக்கு முன்பு, வைன் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும்போது மகள் ஆனி கேட்ட கேள்வி. "செய்யுதது நானு. எனக்குத் தெரியாதாட்டி?" என்று ஜெபசெல்வி சிரித்துவிட்டாள்.

தாராவியில் அவர்கள் சந்துக்குக் கிறிஸ்துமஸ் என்றால் ஜெபசெல்வியின் வைன்தான். திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை. பீங்கான் ஜாடியில் இருபத்தொரு நாள். சாராயம் ஒரு சொட்டுகூடச் சேர்ப்பதில்லை. அதனால் போதையும் இல்லை என்று நம்பினாள். லேபிளிலும் அப்படியே அச்சடித்தாள்.

இந்த வருடம் லேபிள் தீர்ந்துபோனது. பண்டிகைக்கு முந்தின நாள் காலை மாட்டுங்காவில் சுரேந்திரனின் அச்சகத்துக்குப் போனாள்.

"எக்கா, இந்த வார்த்தைய இனிமே நான் அடிக்க மாட்டேன்."

"ஏன், மை தீந்துட்டா?"

"கிண்டல் பண்ணாதீய. போன வாரம் நீங்க தந்த பாட்டில வாஷியில லேப்ல இருக்க என் மச்சான் சோதிச்சுப் பாத்தான். பதினோரு பர்சென்ட் ஆல்கஹால். பீர்லயே அஞ்சுதான் இருக்கும். அரை பர்சென்ட்டத் தாண்டிட்டா போதை இல்லன்னு லேபிள்ல போடக்கூடாது, அதான் சட்டம். லைசென்ஸ் இல்லாம விக்கவும் கூடாது."

"நான் ஒரு சொட்டு சாராயம் ஊத்தலய்யா!"

"நீங்க எதுக்கு ஊத்தணும்? சர்க்கரையும் ஈஸ்டும் சேந்தா அதுவே உண்டாயிரும். அரே, இருபத்தொரு நாளு ஜாடிக்குள்ள உக்காந்து அது ஜெபமா பண்ணிச்சு?"

ஜெபசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. எட்வின்!

பக்கத்து வீட்டு எட்வின் குடியை விட்டுப் பத்து மாதம்தான் ஆகிறது. காலையில் கடைசி லேபிள் ஒட்டிய பாட்டிலை அவனிடம்தான் கொடுத்திருந்தாள். அவன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்க்கா. ராத்திரி ஆராதனை முடிஞ்சு நானும் பிரபாவும் தைரியமா குடிப்போம்" என்றான்.

வரும் வழியெல்லாம் அவள் உதடுகள் "ஆண்டவரே, ஆண்டவரே" என்றன. ஊரடங்குக் காலத்தில் அவள் கணவன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்தச் சந்தில் ஒருவரும் அவள் வாசலை எட்டிப்பார்க்கவில்லை. ஆனால் பதினான்கு நாளும் விடிவதற்குள் இரண்டு குடம் தண்ணீர் வாசலில் இருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக ஒருநாள் பார்த்தாள். தள்ளாடியபடி குடத்தை இறக்கியது எட்வின். அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

எட்வின் வீடு பூட்டியிருந்தது. அவனும் மனைவி பிரபாவதியும் வேலையிலிருந்து திரும்பச் சாயங்காலம் ஆகும். அவர்கள் வீட்டுச் சாவி எப்போதும் ஜெபசெல்வி வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

முதலில் திராட்சையை வேகவைத்துப் பிழிந்து, ஆறவைத்து, அதே மாதிரி பாட்டிலில் ஊற்றினாள். பிறகுதான் சாவியை எடுத்தாள்.

இயேசு படத்துக்குக் கீழே அந்தப் பாட்டில் நின்றது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த இரண்டு டம்ளர்கள். மூடியின் மெழுகு உடையவில்லை.

பாட்டிலை மாற்றி வைத்தாள். புதியதில் அவள் கையெழுத்தில் ஒரு காகிதம்: "திராட்சைச் சாறு. இன்று காய்ச்சியது. புளிக்கவைக்காதது."

வீட்டுக்கு வந்து பழைய பாட்டிலையும், சர்ச் ஸ்டாலில் விற்க வைத்திருந்த முப்பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகச் சாக்கடையில் கவிழ்த்தாள். கையைக் கழுவினாள். சாவியைத் துடைத்து ஆணியில் மாட்டினாள்.