அக்காவின் தெற்றுப்பல்

அக்கா செத்தபோது சின்னவள் அழவில்லை. வீடே கூடி அழுத நேரத்தில் அவள் பாட்டுக்குச் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி நெஞ்சு மரத்துக் கிடந்தது. இருந்தது, ஆனால் அவளுடையதாக இல்லை.

சின்னவள் ஓவியர். பெண்களை வரைந்தே பெயர் வாங்கியவள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரியின் பிடரியைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விடுவாள். தையல்காரி நூல் கோக்க ஒரு கண்ணை மூடுவது, நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை நீட்டி மடக்குவது, இப்படி ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் போதும். அதைக் கித்தானில் இறக்கும்வரை சோறு இறங்காது.

"ஆம்பளைங்க உனக்கு என்னடி பாவம் பண்ணாங்க?" என்று அக்கா கேட்பாள்.

"மீசை போட சோம்பேறித்தனம்" என்பாள் இவள்.

அவள் படங்களில் ஒரு பெண்ணும் வாய் திறப்பதில்லை. பெண்குலத்தின் மௌனம் என்று பத்திரிகைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். மௌனமாவது மண்ணாங்கட்டியாவது! அவள் முதலில் வரைந்த பெண் அக்கா. அக்காவுக்கு ஒரு தெற்றுப்பல். "பல்லு தெரியாம போடுடி" என்று கெஞ்சுவாள். அப்படிப் போட்டுப் போட்டே கை பழகிவிட்டது.

காரியமெல்லாம் ஓய்ந்தபின் மாமா, அதாவது அக்காவின் கணவர், அவள் படம் வரையும் மாடி அறைக்கு ஏறி வந்தார். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். இந்த மனிதரோடு அக்கா எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ என்று சின்னவளுக்கு எப்போதும் ஓர் இளக்காரம்.

"உங்க அக்கா சிரிக்கிற மாதிரி ஒண்ணு வரைஞ்சு குடும்மா. போட்டோ எதுலயும் அவ சிரிக்கல."

சரி என்றாள். அந்தப் பல்லைத் தன்னைத் தவிர யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? அதை வரைந்தாலாவது ஏதாவது உறைக்கும், அழுகை வரும் என்று நினைத்தாள். வராவிட்டால், அக்கா அவளுக்கு வரையக் கிடைத்த ஒரு முகம், அவ்வளவுதான் என்று ஆகிவிடும். அந்தப் பயம் ஒன்றுதான் அவளிடம் உயிரோடு இருந்தது.

நெற்றியும் மூக்கும் மோவாயும் கை தானாகப் போட்டது. கடைசியில் உதட்டைப் பிரித்து, அக்காவுக்கு வலது பக்கம் வருகிற மாதிரி தெற்றுப்பல்லை வைத்தாள். அச்சு அசல் அக்கா. சின்னவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

மாமா வந்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. பல்லு மட்டும் பக்கம் மாறிடுச்சும்மா."

"எந்தப் பல்லு?"

"தெத்துப்பல்லு. அவளுக்கு இடது பக்கம்ல?"

"நான் பொறந்ததுலேர்ந்து பார்க்கிறேன் மாமா."

"இல்லம்மா. வாய்விட்டுச் சிரிக்கிறப்போ பளிச்சுனு தெரியுமே. சிரிச்சு சிரிச்சு விக்கல் வந்துடும். நான்தான் தண்ணி எடுத்துட்டு ஓடுவேன்."

சின்னவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நேருக்கு நேர் பார்த்தால் அக்கா கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். தனியாக இருக்கிறோம் என்று நினைத்துப் பீரோக் கண்ணாடி முன் பல்லை இளித்துப் பார்ப்பாள். கதவோரம் நின்று இவள் பார்த்ததெல்லாம் கண்ணாடிக்குள் இடம் வலமாக மாறித் தெரிந்தவளைத்தான். அது சிரிப்புகூட இல்லை.

இந்த மனிதரிடம் அக்கா வாயைப் பொத்தாமல் சிரித்திருக்கிறாள். தங்கையிடம் ஒரு நாளும் இல்லை. முதலில் பொறாமை வந்தது, பச்சையாக. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாள்.

மாமா பதறிப்போனார்.

"ஐயோ, பல்லைத்தானேம்மா மாத்தணும்? அதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"