நேரிலா, ஆன்லைனிலா

விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள் இருந்தன. ஒன்று 'நேரடி வகுப்பு', மற்றது 'ஆன்லைன் வகுப்பு'. என் மகள் இரண்டாவதில் டிக் போட்டு, கீழே நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்து, சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன இது, கடுகு? கணக்குல ஸ்கூல்லயே முதல் மார்க்கு வாங்கிட்டு, வீட்டுல உக்காந்து படிக்கப் போறியா?"

"அதுலயும் அதே பாடம்தான்பா. அதே டிகிரிதான். பேசறதெல்லாம் கீழே எழுத்தா வேற வரும்."

"எழுத்து புஸ்தகத்துலகூடத்தான் இருக்கு. அப்ப காலேஜ் எதுக்கு, வாத்தியார் எதுக்கு?"

கடுகு என்பது நான் வைத்த பெயர். ஆள் சின்னது, காரம் பெரிது. எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருப்பவள், அன்றைக்குத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டினேன். போன்பைத்தியம் என்றும் இரண்டு நாள் திட்டினேன். நான் பத்தாவதைத் தாண்டாதவன். கல்லூரி வாசலை மிதிக்கக் கொடுத்துவைக்காதவனுக்கு, மிதிக்க முடிந்தும் மாட்டேன் என்கிறவளைப் பார்த்தால் வயிறு எரியத்தானே செய்யும்?

எங்கள் வீடும் பட்டறையும் ஒன்றுதான். கீழே நான்கு பிரஸ் மெஷின்கள், மேலே இரண்டு அறைகள். தகட்டை வைத்து மிதியை அழுத்தினால் டின் மூடி வெட்டுப்பட்டு விழும். ஒரு மெஷினுக்கு நிமிடத்துக்கு நாற்பது அடி. நானும் மூன்று ஆட்களுமாக நாலையும் ஓட்டும்போது வாயால் பேசி ஆகாது. முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் தகடு தீர்ந்தது. மற்றதெல்லாம் முகத்துக்கு நேராக நின்று கத்துவதுதான். மாடியிலும் அப்படியே பழகிவிட்டோம். உப்பு கேட்பதற்கும் எங்கள் வீட்டில் சண்டை போடுகிற குரல்தான். வருகிற விருந்தாளிகள் அரை மணியில் தலைவலி என்று கிளம்பிவிடுவார்கள்.

அவளுடைய அம்மா போனபோது கடுகுக்குப் பதினோரு மாதம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தகடு வருகிற மரப்பெட்டி ஒன்றில் மெத்தை போட்டு, என் மெஷினுக்குப் பக்கத்தில் கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டேன். வளர்ந்த பிறகு அதே பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வீட்டுப்பாடம் எழுதினாள். "இடி விழுந்தாலும் என் பொண்ணு முழிக்க மாட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். தாயில்லாப் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்தவன் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை.

விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் காலை கல்லூரியில் மாதிரி வகுப்பு, பெற்றோரும் வரலாம் என்று போட்டிருந்தார்கள். மெஷின்களை நிறுத்திவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனேன். "ஒரு தடவை உக்காந்து பாரு. அப்புறமும் ஆன்லைன்தான்னா கையெழுத்துப் போடறேன்" என்று வாக்கும் கொடுத்தேன். உட்கார்ந்தால் மனசு மாறிவிடும் என்று நம்பினேன்.

அறுபது பேர் உட்காரும் நீண்ட அறை. பிள்ளைகள் முன்னால், பெற்றோர் கடைசி வரிசையில். கடுகு இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். கணக்கு மேடம் நரைத்த தலையோடும் கையில் சாக்பீஸோடும் வந்து, பலகையில் எழுதிக்கொண்டே பேசினார். பேசினார் என்பதையே பிள்ளைகள் குறிப்பெடுப்பதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு ஒரு வார்த்தையும் வந்து சேரவில்லை.

பக்கத்தில் ஒரு பேருந்து ஓட்டுநர், சீருடையோடு வந்திருந்தார். அவர் பக்கம் சாய்ந்து, "என்னங்க, இந்தம்மா வாய்க்குள்ளயே முணுமுணுக்கறாங்க?" என்றேன்.

முன்னால் இருந்த பிள்ளைகள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டுநர் உதட்டில் விரல் வைத்து, என் காதருகே வந்து, "கணீர்னுதானே பேசறாங்க? வராந்தா வரைக்கும் கேக்குமே" என்றார்.

வயசாகிறது, பட்டறைக்காரன் காது, போகட்டும் என்று சமாளித்துக்கொண்டேன். அப்போது வகுப்பு முழுக்கச் சிரித்தது. மேடம் ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு நானும் சிரித்து வைத்தேன். இரண்டாவது பெஞ்சில் கடுகும் சிரித்தாள். அவளும் பக்கத்துப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரித்தாள்.

அதற்குமேல் நான் பலகையைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தேன். மேடம் இந்தப் பக்கம் திரும்பி நிற்கும்போது அவள் கண் மேடத்தின் வாயை விட்டு நகரவில்லை. மேடம் பலகைப் பக்கம் திரும்பியதும் பக்கத்துப் பெண்ணின் நோட்டுக்குத் தாவியது. ஒரு மணி நேரமும் இதே பாடுதான். நடுவில் மேடம் எழுதிக்கொண்டே, கையை மட்டும் பின்னால் நீட்டி இரண்டாவது பெஞ்சின் ஓரத்தைக் காட்டி ஏதோ கேட்டார். எல்லாரும் கடுகைப் பார்த்தார்கள். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெண் தோளைத் தட்டியதும் திடுக்கிட்டு எழுந்து ஏதோ பதில் சொன்னாள். மறுபடியும் வகுப்பு சிரித்தது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

இடைவேளை விட்டதும், மற்ற வகுப்புப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில், வராந்தாவில் அவளை எதிரே நிறுத்தினேன்.

"எத்தனை நாளா?"

எது என்று அவள் கேட்கவில்லை. "ரெண்டு வருஷமா தெரியும். ஸ்கூல்ல காது டெஸ்ட் எடுத்தாங்கல்ல, அப்ப சொன்னாங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்குமாம். போனது திரும்பாதாம்."

"வீட்டுல நல்லாத்தானே பேசற?"

"வீட்டுல நாம ரெண்டு பேரும் முகத்துக்கு நேரா கத்தறோம். அங்க எனக்கு ஒரு குறையும் இல்லப்பா."

"எதனால வந்துச்சாம்?" தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

அவள் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சத்தத்துலயே இருந்தா வருமாம். குழந்தையில இருந்தே இருந்தா சீக்கிரம் வருமாம்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க தாங்குவீங்களா?"

தாங்கவில்லைதான். இத்தனை வருஷம் ஊரெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது, என் குழந்தையின் காது செத்துக்கொண்டிருந்த கதையை. இடி விழுந்தாலும் முழிக்காததைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நானெல்லாம் ஒரு அப்பனா? வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். நான் மேய்கிறேன் என்றுகூடத் தெரியாமல் மேய்ந்திருக்கிறேன். அவளோ அதைத் தனியாக விழுங்கிக்கொண்டு, எனக்கு வலிக்கக் கூடாதென்று, சோம்பேறி, போன்பைத்தியம் என்று நான் திட்டியதையெல்லாம் பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"சரிம்மா, ஆன்லைனே இருக்கட்டும்" என்று விண்ணப்பத்தை எடுத்தேன். தலையாட்டினாள். ஆனால் அவள் பார்வை வகுப்பறைக்குள் இருந்தது. அங்கே நாலு பெண்கள் பலகைக்கு முன்னால் நின்று, கடைசிக் கணக்கைக் காட்டி ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு எது வேணும்? உண்மையைச் சொல்லு."

"இதுதான் வேணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முகத்தைப் பாத்தா எனக்குப் பாதிக்கு மேல புரிஞ்சிடும்பா. காதுக்கு மெஷினும் வெச்சுக்கலாம். ஆனா வெச்சா எல்லாருக்கும் தெரியும். அறுபது பேரும் பாவம்னு பாப்பாங்க. அதுக்கு ஆன்லைனே தேவலை."

அறுபது பேருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? முதலில் மேடம் ஒருவருக்குத் தெரிந்தால் போதாதா? காதும் காதும் வைத்த மாதிரி பேசி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். "இங்கயே இரு, வந்துடறேன்" என்று உள்ளே போனேன்.

மேடம் மேசையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பலரும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் மேடத்தின் பக்கம் குனிந்து, முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"மேடம், ரெண்டாவது பெஞ்சு ஓரத்துல இருந்தது என் பொண்ணு. அவளுக்குக் காது சரியா கேக்காது. யாருக்கும் தெரிய வேணாம்னு நெனைக்கிறா. நீங்க மட்டும் முகத்தைக் காட்டிப் பேசினா போதும். குத்தம் அவ மேல இல்ல மேடம். நான்தான் என் பட்டறையில போட்டு..."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். அறையே அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பலகைக்கு முன்னால் நின்ற பெண்கள் வாதத்தை நிறுத்தியிருந்தார்கள். கடைசி வரிசையில் ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் கடுகு நின்றாள். அவளுக்குக்கூடக் கேட்டிருந்தது, என் ரகசியம்.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நேராக உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது. என் கையிலிருந்த விண்ணப்பத்தைப் பிடுங்கி, மேடத்திடம் பேனா கேட்டு வாங்கி, ஆன்லைன் கட்டத்தை அடித்துவிட்டு மற்றதில் டிக் போட்டாள்.

"வேணாம்மா. கோபத்துல பண்ணாத."

"கோபம்தான்" என்றாள். "ஒளிஞ்சுக்கத்தான் அதைக் கேட்டேன். இனிமே ஒளிக்க என்ன இருக்கு? கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். மேடம் முதல் பெஞ்சின் நடுவில் இருந்த யாருடைய பையையோ எடுத்து நகர்த்தி இடம் காட்டினார். அவள் போய் உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. பாவம் என்று பார்த்தவர்கள் இருந்தார்கள். அவள் எதற்குப் பயந்தாளோ அது நடக்கத்தான் செய்தது. அவள் ஒருவரையும் பார்க்காமல் நிமிர்ந்து பலகையைப் பார்த்தபடி இருந்தாள்.

நான் அவளுக்குப் பின்னால் போய் நின்று, "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

அந்த ஒரு முறை எனக்குக் குரலே எழும்பவில்லை போலிருக்கிறது. அறையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.