ஆறு வோல்ட் வெளிச்சம்

அண்ணன் இறந்த அன்று அவனுடைய ஜாவா மோட்டார் சைக்கிளை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தவன் நான்தான்.

அண்ணன் பெயர் காந்திமதிநாதன். சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் சர்வேயர். எனக்கு ஒன்பது வயது மூத்தவன். எண்பத்திரண்டாம் வருஷம் பங்குனி மாதம் ராயகிரிப் பக்கம் நிலம் அளக்கப் போனவன், அளவுச் சங்கிலியைக் கையில் பிடித்தபடியே வரப்பில் உட்கார்ந்திருக்கிறான். அப்படியே சாய்ந்துவிட்டான். முப்பத்தாறு வயது. நான் அப்போது சிவகிரியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். பக்கத்து ஊர் என்பதால் எனக்குத்தான் முதலில் ஆள் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தலையாரி அவன் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. சாவி அதிலேயே இருந்தது.

“நீங்க முன்னால போயி வீட்டுல பக்குவமாச் சொல்லுங்க தம்பி. நாங்க வேன் பிடிச்சுக் கொண்டாறோம்” என்றார் அவனுடைய ஆபீஸ்காரர் ஒருவர்.

சிவகிரி ஆஸ்பத்திரியில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது பொழுது இறங்கியிருந்தது. எங்கள் வீடு சங்கரன்கோவிலின் வடக்கு ஓரம். ராஜபாளையம் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்புகிற முக்கில் ஒரு பெரிய பள்ளம். அங்கே வேகத்தை முழுக்கக் குறைத்தால்தான் திரும்ப முடியும். அது பழைய ஜாவா, ஆறு வோல்ட் வண்டி. வேகம் குறைந்தால் ஹெட்லைட்டும் கங்கு மாதிரி மங்கிப் போகும். அணைந்துவிடாமல் இருக்க ஆக்சிலேட்டரை இரண்டு தடவை முறுக்க வேண்டும். வெளிச்சம் மங்கி, இரண்டு தடவை துள்ளி எழுந்து, மஞ்சளாக எங்கள் வீட்டு ஜன்னலுக்குள் நுழையும். முன்கூடமான பட்டாசாலையின் சுவரில் ஜன்னல் கம்பிகளின் நிழல் வரிசையாக நடந்து போகும். ஏழேகால் மணிக்கு அது சுவரில் விழுந்தால் அண்ணன் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

அன்றைக்கும் ஏழேகால் மணிதான். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மதினி அடுப்படியில் தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, “கால் கழுவிட்டு வாங்க, கல்லு காஞ்சிருச்சு” என்றாள்.

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டேன். நின்றுகொண்டே இருந்தேன். தோசை கருகுகிற வாசம் வந்த பிறகுதான் அவள் திரும்பினாள்.

அதற்குப் பிறகு வண்டி எனக்கு வந்தது. விற்றுவிடலாம் என்று நான் சொன்னதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. “அவன் வண்டி இந்த வீட்டுலதான் நிக்கணும்” என்றுவிட்டாள். சிவகிரிக்குப் பஸ்ஸில் அலைவதைவிட அது எனக்கும் வசதியாக இருந்தது. தினமும் சாயங்காலம் அதே ஏழேகால் மணிக்கு அதே முக்கில் திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அந்த நேரத்துக்குப் பட்டாசாலை விளக்கை அணைத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், விளக்கு கண்ணைக் கூசுகிறது என்பாள். சுவரில் வெளிச்சம் விழுந்ததும் “வந்துட்டான்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து சாப்பிடப் போய்விடுவாள். என்னிடம் அதிகம் பேசமாட்டாள். மகனைப் பறிகொடுத்தவள், பேச்சு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. வருஷத் திதி முடிந்த மறுவாரம், நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மதினி வந்து நின்றாள். முத்துமீனாள் என்று பெயர். அந்த ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

“தம்பி, வண்டி லைட்டை மாத்த முடியுமா?”

“எதுக்கு மதினி?”

அவள் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வெளிச்சம் செவத்துல விழுந்ததும் என் கை தானாத் தோசைக்கல்லை எடுத்து அடுப்புல போடுது. நான் வேணும்னு செய்யல. இன்னைக்கும் அப்படித்தான். கல்லு காஞ்ச பெறகுதான் எனக்கு நெனப்பே வருது. அதுக்குள்ள ஒரு நிமிசம் அவுக வந்துருதாக தம்பி. தெனமும் வந்து, தெனமும் செத்துப் போறாக.”

“வண்டிச் சத்தம் அப்படியேதான மதினி இருக்கும்?”

“சத்தம் எல்லா ஜாவாவுக்கும் ஒண்ணுதான். அந்த வெளிச்சம் அவுகளுது.”

எனக்குத் தண்ணீர் பட்ட முகத்தைத் துடைக்கத் தோன்றவில்லை. அந்த வெளிச்சத்தை முதல் நாள் அவளிடம் கொண்டுவந்தவன் நான். அதை ஒரு வருஷமாகத் தவறாமல் கொண்டுவந்து கொண்டிருந்தவனும் நான்.

அம்மாவிடம் வேறு காரணம் சொன்னேன். கரிவலம்வந்தநல்லூர் பக்கம் விளக்கில்லாத மாட்டுவண்டி ஒன்றில் மோதப் பார்த்தேன், இந்த லைட்டில் ஐந்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை என்றேன். அது பொய்யும் இல்லை. இன்னொரு மகனும் போய்விடுவானோ என்ற பயத்தில் அவள் உடனே, “மொதல்ல அதை மாத்துல” என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெக்கானிக் தங்கப்பழம் கடை. அண்ணன் காலத்திலிருந்து அவர்தான் வண்டியைப் பார்ப்பவர்.

“வெறும் பல்பை மாத்துனா ஒண்ணும் ஆகாது தம்பி” என்றார். “டைனமோவே ஆறு வோல்ட்டுதான தருது. அதைப் பன்னெண்டுக்கு மாத்தணும். பேட்டரி, ஹாரன், பின் லைட்டு பல்பு எல்லாம் மாறும். மாத்தியாச்சுன்னா ஹாலஜன் போட்டுத் தாரேன். பகல் மாதிரி இருக்கும்.”

டைனமோவை மதுரைக்கு அனுப்பிக் காயில் சுற்றி வாங்க ஒன்பது நாளானது. அந்த ஒன்பது நாளும் நான் பஸ்ஸில் போய்வந்தேன். அம்மா நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். வண்டி கடையில் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

புது லைட்டோடு முதல் நாள் சிவகிரியிலிருந்து கிளம்பியபோது எனக்கு ரோடே வேறாகத் தெரிந்தது. அதுவரை இருட்டு என்று நினைத்துக்கொண்டிருந்த இடங்களில் எல்லாம் மரங்கள், கிணற்று மேடுகள், ஆட்டுக்கிடைகள். ராயகிரி தாண்டியதும் வரப்பு ஓரங்களில் வெள்ளையாக ஏதோ வரிசையாக நிற்பது தெரிந்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். சர்வே கற்கள். அவற்றில் பாதி அண்ணன் நட்டவையாக இருக்கும். ஒரு வருஷமாக அவற்றுக்கு நடுவில்தான் தினமும் வந்துபோயிருக்கிறேன். ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. அப்புறம் நான் ரோட்டைத் தவிர எங்கும் பார்க்கவில்லை.

முக்கில் திரும்பியபோது வெளிச்சம் மங்கவில்லை. வெள்ளையாக, ஒரே சீராக ஜன்னலுக்குள் பாய்ந்தது.

மதினி வாசலுக்கே வந்துவிட்டாள். “நீங்கதான்னு பாத்ததுமே தெரிஞ்சுது தம்பி” என்றாள். அடுப்பில் கல் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கினாள் என்று மறுநாள் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஆனால் அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“சாப்பிட வாம்மா.”

“நீ சாப்பிடு. நான் பெறகு சாப்பிடுதேன்.”

நான் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பட்டாசாலைக்கு வந்தேன். அவள் இருட்டில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, யாரும் வரணுமா?”

“மணி எட்டாகப் போகுது. இன்னும் வரலையே.”

“யாரு?”

என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “உங்க அண்ணன்தான்” என்றாள்.

ஒரு வருஷமாக “வந்துட்டான்” என்று அவள் சொன்னதெல்லாம் என்னைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்ததும், திதி கொடுத்ததும், எல்லாம் அவளுக்குத் தெரியும். பகலில் பக்கத்து வீட்டு ஆட்களிடம் தெளிவாகப் பேசுவாள், மூத்தவன் போய்விட்டான் என்று சொல்லி மூக்கைச் சிந்துவாள். ஏழேகால் மணிக்கு மட்டும் அவளுக்கு அது தெரியாது. வெளிச்சம் சுவரில் விழும், மகன் வந்துவிடுவான், அவள் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்துவிடுவாள். இப்போது அவன் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அம்மா ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். நாற்காலியிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். என் வண்டி வெளிச்சம் சுவரில் விழுந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வாரத்தில் அவள் வளையல்கள் முழங்கை வரை ஏறத் தொடங்கின.

மதினிதான் முதலில் சொன்னாள். “பழைய லைட்டையே போட்டுருங்க தம்பி. எனக்குப் பழகிரும்.”

“நீங்க மறுபடியும் அந்தக் கல்லைத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா?”

“அத்தை செத்துப் போயிருவாக. போடுங்க.”

தங்கப்பழம் கடைக்குப் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். “அந்த லைட்டு ரிம்மை வேற வண்டிக்குப் போட்டுட்டேனே. கண்ணாடி கழத்தும்போதே கீறிப் போச்சு, தூரப் போட்டேன். டைனமோவும் இனிமே ஆறுக்கு வராது. எதுக்குத் தம்பி? வெளிச்சம் பத்தலையா?”

“இல்ல அண்ணாச்சி. நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது மதினி, “நாளைக்கு முக்குல நிறுத்துங்க” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் ரோட்டிலிருந்து திரும்பியபோது பள்ளத்துக்கு அப்பால் இரண்டு பேர் நின்றார்கள். வெளிச்சத்தில் இரண்டு சேலைகளும் வெளுத்துத் தெரிந்தன. மதினி அம்மாவின் தோளைப் பிடித்திருந்தாள். அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ஒதுங்கப் பார்த்தாள். நான் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். பேட்டரியில் லைட் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

“யாரு வந்துருக்கான்னு பாருங்க அத்தை” என்றாள் மதினி.

“கண்ணு கூசுதுட்டி. ஒண்ணும் தெரியல.”

“கிட்டப் போயிப் பாருங்க.”

அம்மா தட்டுத்தடுமாறி வந்தாள். வண்டிக்கு முன்னால் வந்ததும் உள்ளங்கையை விரித்து லைட்டின் மேல் வைத்து மூடினாள். விரல் இடுக்குகளில் ரத்தச் சிவப்பாக வெளிச்சம் கசிந்தது. அதற்கு மேல் என் முகத்தை அவள் உற்றுப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“சங்கரனா?”

“ஆமாம்மா.”

“நீயால இத்தனை நாளும் வந்தது?”

“ஆமாம்மா. நான்தான்.”

“அவன் ஒருநாளும் வரலையா?”

நான் மதினியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள், சொல்லுங்கள் என்பதுபோல.

“ஒருநாளும் வரலம்மா.”

அம்மா கையை எடுக்கவில்லை. “சுடும்மா, எடு” என்று நான்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினேன். உள்ளங்கை சிவந்திருந்தது.

“ஒருநாளும் உன்னை வான்னு சொல்லலையே மக்கா” என்றாள். “ஒரு வருசமா வெயில்லயும் இருட்டுலயும் வந்துருக்க. உன்னை வான்னு ஒரு வார்த்தை நான் கேக்கலையே.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். அம்மா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வாசல் ஏறியதும் கீழே உட்கார்ந்து மார்பில் அடித்து அழ ஆரம்பித்தாள். அண்ணனைப் பெற்றதிலிருந்து, தூக்கி வளர்த்ததிலிருந்து, சர்வேயர் வேலைக்கு முதல் நாள் அனுப்பியதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். பக்கத்து வீட்டு மாடத்தியும் அவள் புருஷனும் இன்னொரு சாவு விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தார்கள். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் காலையில் பழைய சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆவணியில் மதினிக்கு அண்ணன் வேலையை வைத்துத் தென்காசியில் ஒரு ஆபீஸில் வேலை போட்டார்கள். அங்கேயே அவள் தம்பி வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். “இப்ப தூக்கம் வருதா மதினி?” என்று கேட்டேன்.

“வருது” என்றாள். “எந்த வண்டி வெளிச்சம் வந்தாலும் அவுக இல்லன்னு ஒடனே தெரிஞ்சுருது. ஒரு நிமிசம்கூட வரமாட்டேங்காக. அதுவும் கஷ்டமாத்தான் இருக்கு.” பிறகு, “அத்தையைப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

அம்மா இப்போது ஏழு மணிக்கெல்லாம் விளக்கைப் போட்டுவிட்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். பத்து நிமிஷம் தாமதமானாலும் திட்டுகிறாள். நான் உள்ளே நுழைந்ததும், “வால, வந்து சாப்பிடு” என்கிறாள். ஆனால் சில நாட்களில், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மோர் ஊற்றியபடியே மெதுவாகக் கேட்பாள். “வார வழியில உங்க அண்ணனைப் பாத்தியா?”

முதல் தடவை கேட்டபோது “அம்மா” என்றேன். அவள் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரிச் சுருங்கிவிட்டது. அடுத்த தடவையிலிருந்து, “இன்னைக்குப் பாக்கலம்மா” என்று மட்டும் சொல்கிறேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மோர்ச்செம்பை வைத்துவிடுவாள்.

அப்படிச் சொன்ன பிறகு, தேடிப் பார்க்காமல் வருவது பொய் மாதிரி ஆகிவிடுகிறது. போன வாரம் ராயகிரிக்குப் பிரிகிற விலக்கில் என்னையறியாமல் வண்டியை நிறுத்தி, ஹேண்டில்பாரை வயல் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வெளிச்சம் வெகுதூரம் போனது. பருத்திச் செடிகள் காற்றில் அசைந்தன. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து, “என்னவே தேடுதீரு?” என்று கத்திவிட்டுப் போனான்.